எமர்சன், லேக் அண்ட் பால்மர்: குழுவைக் கலைத்தது ஆர்கெஸ்ட்ராவா, அந்த மூவருமேவா?

இசைத்தட்டுப் பிரியன்:
தி நைஸ் குழுவிலிருந்து விசைப்பலகைக் கலைஞர் கீத் எமர்சனும், கிங் கிரிம்சனிலிருந்து பாடகரும் பேஸ் கிட்டார் கலைஞருமான கிரெக் லேக்கும், அட்டாமிக் ரூஸ்டரிலிருந்து டிரம்ஸ் கலைஞர் கார்ல் பால்மரும் 1970-இல் ஒன்றுசேர்ந்து இந்த பிரிட்டிஷ் ராக் குழுவைத் தொடங்கினார்கள். அந்த ஆகஸ்டில் பிளிமத்தில் முதல் நிகழ்ச்சி; ஆறே நாளில், பீரங்கி முழங்க, ஐல் ஆஃப் வைட் இசைவிழா. மறு ஆண்டே அவர்களின் 'டார்கஸ்' இசைத்தொகுப்பு பிரிட்டனின் விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. அப்படி ஏறிய குழு 1979-க்குள் கலைந்துபோனதற்கு 1977-ஆம் ஆண்டின் சுற்றுப்பயணமே காரணம் என்று உறுதியாக நம்புகிறேன். ஏறத்தாழ எழுபது பேர் கொண்ட ஆர்கெஸ்ட்ராவை, அதாவது பெரிய வாத்தியக் குழுவை, ஊர் ஊராக அழைத்துச் சென்றார்கள். செலவு கட்டுக்கடங்காமல் போகவே, பெரும்பாலான ஊர்களில் மூவராகவே வாசிக்க வேண்டியதாயிற்று. அந்த இழப்பிலிருந்து குழு மீளவேயில்லை.

தாளக்காரன்:
இதை ஏற்க இயலவில்லை, நண்பரே. பணத்தைப் பார்ப்பதற்கு முன் அதே ஆண்டு வந்த 'வொர்க்ஸ்' முதல் தொகுதியைப் பாருங்கள். இரட்டை இசைத்தட்டின் நான்கு பக்கங்களில் ஒன்று எமர்சனின் பியானோ கான்சர்ட்டோவுடையது (பியானோவும் ஆர்கெஸ்ட்ராவும் சேர்ந்து வாசிக்கும் நெடும்படைப்பு), அடுத்தது லேக்கின் பாடல்களுடையது, மூன்றாவது பால்மருடையது. குழுவுக்கு மிஞ்சியது கடைசிப் பக்கம் மட்டுமே. 1973-இல் 'பிரெய்ன் சாலட் சர்ஜரி' வெளிவந்த பிறகு மூன்று ஆண்டுகளுக்கும் மேலாகப் புதிய ஸ்டூடியோ இசைத்தொகுப்பு எதையும் தராதவர்கள், திரும்பி வந்தபோது தனித்தனி மனிதர்களாகவே வந்தார்கள். பயணம் தொடங்குமுன்பே குழு பிரிந்திருந்தது என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

மூக் ரசிகை:
செலவைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது வேறொன்று. நியூகாசில் அரங்கில் 1971-இல் ரஷ்ய இசையமைப்பாளர் முசோர்க்ஸ்கியின் இசையை வாசித்தபோது, ஆர்கெஸ்ட்ரா செய்ய வேண்டிய வேலையை எமர்சனின் ஹேமண்ட் ஆர்கன், மூக் சிந்தசைசர் என்ற இரு மின் விசைப்பலகைக் கருவிகளும் செய்தன. மூன்றே பேர் ஒரு மண்டபத்தை நிறைத்தார்கள் என்பதுதான் அந்தக் குழுவின் வியப்பு. உண்மையான ஆர்கெஸ்ட்ராவைப் பின்னால் நிறுத்தியதும் அந்த வியப்புக்கு இடமில்லாமல் போயிற்று. பங்க் என்ற எளிய, ஆவேசமான ராக் இசை வந்துதான் இவர்களை ஓரங்கட்டியது என்ற வாதமும் எனக்கு உடன்பாடில்லை. பங்க் கொடிகட்டிப் பறந்த அதே 1977-இல் அமெரிக்க இசையமைப்பாளர் ஏரன் கோப்லண்டின் 'ஃபேன்ஃபேர் ஃபார் தி காமன் மேன்' இவர்களுடைய வாசிப்பில் பிரிட்டனில் இரண்டாமிடம் வரை ஏறியது. அதை வாசித்தவர்கள் இந்த மூவர் மட்டுமே.

இசைத்தட்டுப் பிரியன்:
அந்த ஒரு பாடல் வென்றது உண்மை. ஆனால் மறு ஆண்டு வந்த 'லவ் பீச்' எதைக் காட்டுகிறது? கடற்கரைப் படத்தோடு வந்த அந்தத் தட்டு ஒப்பந்தக் கடமைக்காகச் செய்யப்பட்டது. பணநெருக்கடி இல்லையென்றால் அவர்கள் ஓய்வெடுத்து, ஆறுதலாகத் திரும்பியிருப்பார்கள்.

தாளக்காரன்:
ஓய்வெடுத்துத் திரும்பவும் செய்தார்களே! 1992-இல் 'பிளாக் மூன்' தொகுப்புக்காக அதே மூவர் கூடினார்கள். தோளில் ஆர்கெஸ்ட்ராவின் சுமை இல்லை. ஆயினும் 1994-இல் வந்த அடுத்த தொகுப்பே அவர்களுடைய கடைசி ஸ்டூடியோத் தொகுப்பாயிற்று. சுமை இறங்கிய பிறகும் அவர்களால் சேர்ந்து நிலைக்க முடியவில்லை.