பத்திரம் முடிந்ததும் பரிசு தரலாமா?

தண்டையார்பேட்டையில் வீட்டுத் தரகு செய்கிறேன். அடுத்த வாரம் கொருக்குப்பேட்டையில் ஒரு பழைய ஃபிளாட் பதிவாகிறது. வாங்குபவர்கள் ராயபுரத்துக் கிறிஸ்தவக் குடும்பம். வங்கிக் கடனில் முதல் சொந்த வீடு. முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என்று கணக்குப் போட்டே களைத்துவிட்டார்கள். என் கமிஷன் 1 சதவீதம்.

வழக்கமாகக் குத்துவிளக்கு கொடுப்பேன், இங்கே பொருந்தாது. போன முறை ஒருவருக்குச் சுவர்க்கடிகாரம் கொடுத்தேன். "இதுக்கு கமிஷன்ல குறைச்சிருக்கலாமே" என்றார். நியாயம்தான், அவர் காசுதானே! மூத்த தரகர்களைக் கேட்டால் ஒருவர் ஸ்வீட் பாக்ஸ் போதும் என்கிறார், இன்னொருவர் வீடு குடிபோகும்போது மொய் வை என்கிறார். மின் இணைப்பு, சொத்து வரிப் பெயர் மாற்றத்தை நானே அலைந்து முடித்துத் தரலாம் என்றும் யோசனை.

வாங்குபவர் நீங்களாக இருந்தால் பரிசுப் பொருள், கமிஷனில் தள்ளுபடி, பெயர் மாற்ற வேலை இதில் எதைக் கேட்பீர்கள்?