பாஸ்பேட் செக்கர் 156 காட்டுது, தொட்டியில லெதர் கோரல் இருக்கு: பாஸ்பேட்டை உறிஞ்ச எந்த மீடியா போடலாம்?

குடந்தை_ரீஃப்
வணக்கம். 3 அடி கடல் மீன் தொட்டி, சம்ப்போட (கீழ இருக்கற வடிகட்டித் தொட்டி) சேர்த்து பாறை கழிச்சு 180 லிட்டர் தண்ணி. ஒரு ஜோடி க்ளவுன் மீன்; கோரல்ல டோட்ஸ்டூல் லெதர் ஒண்ணு, ஸோவாந்தஸ், மஷ்ரூம். ஹன்னா செக்கர்ல 156 வருது, நைட்ரேட் 10. கண்ணாடியைத் துடைச்சா மறுநாளே பழுப்புப் படலம், பாறையில பச்சைப் பாசி முடி மாதிரி நிக்குது. வீட்டு போர் தண்ணியை சமையலறை ஆர்ஓ மெஷின்ல பிடிச்சு உப்பு கலக்கறேன், டிடிஎஸ் (கரைஞ்சிருக்கற உப்போட அளவு) 70. கடையில பழுப்பு ஜிஎஃப்ஓ (இரும்பு ஆக்சைடு) துகள், வெள்ளை அலுமினியம் ஆக்சைடு உருண்டை, லாந்தனம் திரவம் மூணும் இருக்கு. எதை வாங்கறது?

தஞ்சை_உப்புத்தண்ணி
முதல்ல அந்த 156. உங்க கையில இருக்கறது பாஸ்பரஸை பிபிபி-ல (நூறு கோடியில ஒரு பங்கு) காட்டற மாடல். 3.066-ஆல பெருக்கி 1000-ஆல வகுங்க, 0.48 பிபிஎம் (லிட்டருக்கு மில்லிகிராம்) பாஸ்பேட் வரும். சாஃப்ட் கோரல் தொட்டிக்கு 0.05-லேர்ந்து 0.1 வரைக்கும் இருந்தா போதும், பூஜ்யத்துக்கு இறக்கவே கூடாது. பாஸ்பேட்டும் நைட்ரேட்டும் சுத்தமா தீர்ந்த தொட்டியில டைனோ (சளி மாதிரி படர்ற டைனோஃபிளாஜெல்லேட்) வரும். பச்சைப் பாசியை விட அது பெரிய தலைவலி.

மீடியா வாங்கறதுக்கு முன்னாடி தண்ணியைச் சரி பண்ணுங்க. சமையலறை ஆர்ஓ-வில டிடிஎஸ் கன்ட்ரோலர்னு ஒரு சின்ன திருகு இருக்கும். மெம்பிரேன்ல சுத்தமாகி வர்ற தண்ணியோட, மெம்பிரேனுக்குள்ள போகாத தண்ணியைக் கொஞ்சம் கலந்து விடறது அதோட வேலை. குடிக்க ருசியா இருக்கும், தொட்டிக்கு ஆகாது. மெம்பிரேன்லேர்ந்து வர்ற குழாய்ல, கன்ட்ரோலர் கலக்கற இடத்துக்கு முன்னாடி ஒரு டீ கனெக்டர் போட்டு தண்ணி எடுங்க. அதை டிஐ ரெசின் (மிச்ச உப்பைப் பிடிக்கற துகள்) வழியா விட்டு மீட்டர்ல 0 வரணும்.

உங்க பழுப்புப் படலம் பெரும்பாலும் டயாட்டம்ங்கற நுண்பாசி, அதுக்குச் சாப்பாடு சிலிகா. போர் தண்ணியில சிலிகா இருக்கும். டிடிஎஸ் மீட்டருக்கு அது சரியா தெரியாது, ரெசின் தீரும்போது முதல்ல நழுவி வர்றதும் அதுதான். அதனால மீட்டர் 1 காட்டின உடனே ரெசினை மாத்திடுங்க. ஜிஎஃப்ஓ பாஸ்பேட்டோட சிலிகேட்டையும் பிடிக்கும். தண்ணியைச் சரி பண்ணாம போட்டா மீடியா சீக்கிரமே நிரம்பிடும், காசுதான் கரையும். புதுசா கலக்கின உப்புத்தண்ணியைத் தொட்டியில ஊத்தறதுக்கு முன்னாடி ஒரு தடவை பாஸ்பேட் டெஸ்ட் பண்ணிப் பாருங்க.

நாகை_அலை
தஞ்சை அண்ணன் சொன்னது சரி. மீடியா விஷயத்துக்கு வர்றேன்.

லெதர் இருக்கற தொட்டியில வெள்ளை உருண்டை வேண்டாம். அலுமினியம் ஆக்சைடு போட்டா லெதரும் மஷ்ரூமும் சுருங்கறது தெரிஞ்ச விஷயம். உருண்டையை நல்லா அலசினாலும் அந்தப் பயம் முழுசா போகாது. லாந்தனம் பெரிய தொட்டிக்கும் 1 பிபிஎம்-க்கு மேல ஏறின தண்ணிக்கும் சரி. வெள்ளையா திரியற வீழ்படிவை 5 அல்லது 10 மைக்ரான் சாக்ல (வடிகட்டிப் பை) பிடிக்கலைன்னா மீனோட செவுள்ல போய் ஒட்டும், கார்பனேட்டையும் கூடவே இழுத்து ஆல்க்கை (தண்ணியோட காரத்தன்மை) இறக்கும். உங்களுக்கு அது தேவையே இல்லை.

ஜிஎஃப்ஓ-வே போடுங்க. பாக்கெட்ல இருக்கற அளவைப் பார்க்காதீங்க, 40 கிராம்ல தொடங்குங்க. ஆர்ஓ தண்ணியில பழுப்பு நிறம் வர்றது நிக்கற வரைக்கும் அலசணும். பையில போடலாம், ஆனா தண்ணி பையைச் சுத்திட்டுப் போயிடும், துகள் கட்டி தட்டும். சின்ன ரியாக்டர் (துகள் வழியா தண்ணியைத் தள்ளற குழாய்) நல்லது. வால்வைத் திறக்கும்போது மேல அரை அங்குலம் மட்டும் மெதுவா புரளணும். மொத்தமும் கொதிக்கற மாதிரி சுத்தினா துகள் ஒண்ணோட ஒண்ணு உரசி மாவாகி, செந்தூள் தொட்டிக்குள்ள வந்துடும்.

இன்னொண்ணு, பாறை. உங்க தண்ணியில இப்ப இருக்கறது 86 மில்லிகிராம் பாஸ்பேட்தான். மாசக்கணக்குல ஏறின பாஸ்பேட் பாறையிலயும் மணல்லயும் ஒட்டியிருக்கும். தண்ணியில குறைஞ்சா அது வெளிய வரும். ரெண்டு நாள்ல 0.2-க்கு இறங்கி மறுபடி 0.35-க்கு ஏறினா மீடியா மட்டம்னு நினைச்சிடாதீங்க. தீனியையும் பாருங்க: உலர் தீனியில சுமார் 1 சதவீதம் பாஸ்பரஸ்னு வெச்சாலே, 1 கிராம் தீனி மொத்தமும் கரைஞ்சா உங்க தொட்டியில 0.17 பிபிஎம் ஏத்தும்.

குடந்தை_ரீஃப்
ரொம்ப நன்றிண்ணே. ஆர்ஓ-வைத் திறந்து பார்த்தேன், கன்ட்ரோலர் இருக்கு. ரெண்டு சந்தேகம். தரங்கம்பாடி பக்கம்தானே, கடல் தண்ணியே கொண்டுவந்தா உப்பு மிச்சமாகுமா? கரன்ட் போனா ரியாக்டர் என்ன ஆகும்?

நாகை_அலை
ஐப்பசி, கார்த்திகையில நினைக்கவே நினைக்காதீங்க. பூம்புகார்ல காவிரி, பழையாறு பக்கம் கொள்ளிடம், நடுவுல இருக்கற வடிகால் எல்லாம் சம்பா வயல்ல போட்ட டிஏபி உரத்தையும் வண்டலையும் சேர்த்துக் கடல்ல கொட்டும். கரையோரத் தண்ணி கலங்கி, உப்பும் குறைஞ்சு போயிருக்கும். கோடையிலயும் முகத்துவாரத்துல எடுக்காதீங்க. எங்க எடுத்தாலும் டெஸ்ட் பண்ணாம ஊத்தாதீங்க.

கரன்ட் போனா இன்வெர்ட்டர்ல வேவ்மேக்கர்தான் (தண்ணியை அலை மாதிரி ஓட்டற பம்ப்) முதல்ல, ரியாக்டர் நிக்கட்டும். ஆனா மூணு நாலு மணி நேரம் நின்னா உள்ள இருக்கற தண்ணியில ஆக்சிஜன் தீர்ந்திருக்கும். கரன்ட் வந்ததும் வெளிய வர்ற முதல் ஒரு லிட்டரை வாளியில விட்டுக் கீழ ஊத்திட்டு, அப்புறம் சம்ப்புக்குக் குழாயைத் திருப்புங்க.

தஞ்சை_உப்புத்தண்ணி
மாத்தற நாளை காலண்டர் பார்த்து முடிவு பண்ணாதீங்க தம்பி. வாரம் ஒரு தடவை தொட்டித் தண்ணியையும், ரியாக்டர்லேர்ந்து வெளிய வர்ற தண்ணியையும் தனித்தனியா டெஸ்ட் பண்ணுங்க. ரெண்டும் ஒரே அளவு வந்தா மீடியா தீர்ந்தது. இன்னொரு 40 கிராம் போடுங்க. 0.15-க்கு வந்தப்புறம் 20 கிராம் போதும். லெதர் தோல் உரிச்சு ஒரு வாரம் மூடிக் கிடந்தா பயப்பட வேண்டாம், அது வழக்கமா பண்றதுதான். அதுக்கு மேல மூடியே இருந்தா ரியாக்டரை நிறுத்திட்டு ஆல்க் என்னன்னு இங்க போடுங்க.