சீலியாக் உள்ளவருக்கு வடசென்னையில் எந்த வேலை ஒத்துவரும்?

கொருக்குப்பேட்டை அக்கா:
தம்பிக்கு சீலியாக் (கோதுமை, மைதா, ரவையில் இருக்கும் குளுட்டன் என்ற புரதம் குடலைக் கெடுக்கும் நோய்) என்று பயாப்ஸியில் உறுதியாகிவிட்டது. பி.காம். முடித்திருக்கிறான். மூன்று வேலை கைவசம் இருக்கு: வண்ணாரப்பேட்டை பேக்கரியில் பில்லிங், மாதவரத்தில் மளிகை குடோனில் ஸ்டாக் கணக்கு, மணலி கன்டெய்னர் யார்டில் ஆவண வேலை. யார்டில் மதியச் சாப்பாடு கேன்டீனில்தான். எதுக்கு அனுப்பலாம்? இன்டர்வியூவிலேயே நோயைச் சொல்லணுமா?

மாவுத்தூசி:
பேக்கரி வேண்டவே வேண்டாம். கவுண்டர் முன்பக்கம் இருந்தாலும், பின்னால் மைதா சலிக்கும்போது கிளம்பும் தூசி வெகுநேரம் காற்றில் நிற்கும். மூச்சில் போனது தொண்டையில் படிந்து எச்சிலோடு வயிற்றுக்குள் இறங்கும். குடலைக் கெடுப்பது விழுங்கின குளுட்டன்தான். கையில் மாவு ஒட்டினால் பயமில்லை, கழுவாமல் வாயருகே கொண்டுபோகாத வரைக்கும். குளுட்டன் நாளுக்கு 10 மில்லிகிராமுக்குள் என்றால் பெரும்பாலோர் தாங்குவார்கள். தினமும் 50 மில்லிகிராம் தொடர்ந்து போனாலே குடல் புண்ணாகும். ஒரு துண்டு பிரெட்டில் சுமார் 2 கிராம் இருக்கு, கணக்குப் போட்டுப் பாருங்க.
குடோனில் ஒன்றே ஒன்று கேளுங்க: மைதா, ரவை மூட்டையைப் பிரித்து அங்கேயே சில்லறைப் பாக்கெட் போடுகிறார்களா? போட்டால் அதுவும் வேண்டாம்.

பெரம்பூர் டிபன்பாக்ஸ்:
அப்போ யார்டுதான். ஆனா கேன்டீன் சாப்பாட்டை நம்பாதீங்க அக்கா. கடைப் பெருங்காயத்தில் பெரும்பாலும் மைதா அல்லது கோதுமை மாவு கலந்திருக்கும். சாம்பார், ரசம், சட்னித் தாளிப்பு எல்லாத்திலும் அது உண்டு. சப்பாத்தி போட்ட கல்லிலேயே தோசை ஊத்துவாங்க, சமோசா பொரிச்ச எண்ணெயிலேயே வடை போடுவாங்க. வீட்டுச் சாப்பாடுதான் கதி. டப்பாவை மூடியபடியே சூடு பண்ணணும், ஸ்பூனும் சொந்தமா இருக்கணும். கேழ்வரகு, கம்பை மாவு மில்லில் கொடுக்காதீங்க, முன்னாடி அரைச்ச கோதுமை அதில் கலந்துடும். வீட்டு மிக்ஸியே போதும். இரவு ஷிப்டில் யாராவது அத்தோ வாங்கி வந்தால் தொடவே கூடாது, அந்த நூடுல்ஸ் மைதா. ஃபிரைடு ரைஸிலும் சோயா சாஸ் வழியா கோதுமை வரும்.

ஆபர் லெட்டர்:
இன்டர்வியூவில் சொல்லத் தேவையில்லை. ஆபர் கைக்கு வந்ததும், சேருவதற்கு முன் எச்.ஆருக்கு மெயில் போடட்டும். குடல் மருத்துவரிடம் மூன்றே வரியில் கடிதம் வாங்கி இணைக்கணும்: தொற்றாது, எல்லா வேலையும் செய்யலாம், சாப்பாடு மட்டும் சொந்தமாகக் கொண்டுவரணும். 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 21 வகைகளில் சீலியாக் இல்லை. சட்டத்தைக் காட்டிக் கேட்க வழியில்லாததால் எழுத்தில் ஒப்புதல் வாங்குவது முக்கியம். சில யார்டுகளில் கேட்டிலேயே டிபன் பாக்ஸை நிறுத்துவாங்க, அந்த அனுமதியையும் அதே மெயிலில் கேளுங்க.

கொருக்குப்பேட்டை அக்கா:
நன்றி. யார்டு கைகூடவில்லை என்றால் புக் பைண்டிங் கடையில் கணக்கு வேலை ஒன்று இருக்கு. அது பரவாயில்லையா?

மாவுத்தூசி:
பசை என்ன என்று கேளுங்க. மைதாவைக் காய்ச்சிப் பசை போடும் கடை என்றால், காய்ச்சும் இடத்துக்குத் தள்ளி மேஜை கிடைத்தால் மட்டும் போகலாம். ரெடிமேட் வெள்ளைப் பசை என்றால் தாராளமா அனுப்புங்க.