செல்லி பூட்டி குடும்பம் (வாட்ஸ்அப் குழு)

ஞாயிறு

கவிதா, கோவை, காலை 7:42
பெரியப்பா, பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கிறேன். குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் இருக்கிறது. நமக்கு இனிஷியலைத் தவிர ஒன்றும் கிடையாதே, என்ன போடட்டும்?

திருப்பூர் அண்ணன், 7:50
அப்பா பெயரைப் போடு. நான் அப்படித்தான் பெரியசாமி என்று போட்டேன்.

கவிதா, 7:53
அப்போது நீ பெரியசாமி, நான் செல்வராஜ். ஒரே தாத்தாவின் பேரப்பிள்ளைகளுக்கு இரண்டு குடும்பப் பெயர். தாத்தாவின் பழைய காகிதங்களில் ஏதாவது இருக்குமா பெரியப்பா?

கோத்தகிரி பெரியப்பா, 9:15
[படம்] [படம்] [படம்]
ட்ரங்குப் பெட்டியை இறக்கிவிட்டேன். முதல் படம் தாத்தா கண்டியில் வாங்கிய இந்திய பாஸ்போர்ட். இரண்டாவது குடும்ப அட்டை. மூன்றாவது, பதுளையில் பதிந்த என் பிறப்புச் சான்றிதழ். அதைப் பெரிதாக்கிப் பார். பாட்டனார் இலங்கையில் பிறந்திருந்தால் அவர் பெயரை எழுத ஒரு கட்டம். நமக்கு அதில் வெறும் கோடு.

கவிதா, 9:18
அதை எதற்குக் கேட்டார்கள்?

கோத்தகிரி பெரியப்பா, 9:31
இலங்கையின் 1948 குடியுரிமைச் சட்டம் அம்மா. அதற்கு முன்பே பிறந்தவர்களுக்குத் தகப்பன் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் தாத்தாவும் பூட்டனும் இரண்டு பேருமே அங்கே பிறந்திருக்க வேண்டும். உன் தாத்தா பதுளையில் பிறந்தவர்தான். ஆனால் அவர் அப்பா, என் பெயர்கொண்ட பெரியசாமி பூட்டன், இந்தியாவில் பிறந்தவர். அதனால் தாத்தா நாடில்லாதவர் ஆனார். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தில் இந்தியாவுக்கு என்று எழுதிய 5,25,000 பேரில் நாமும் சேர்ந்தோம். பூட்டன் இலங்கைக்குப் போனது தனுஷ்கோடி வழி. நாங்கள் தலைமன்னாரில் ராமானுஜம் கப்பல் ஏறி வரும்போது தனுஷ்கோடியே இல்லை, புயல் கொண்டுபோய்விட்டது. ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் இருந்து, அப்புறம் அரசுத் தேயிலைத் தோட்டத்து வேலைக்கு இங்கே மலையேறினோம். அந்தக் கோடு எனக்குச் சின்ன விஷயம் இல்லை.

கவிதா, 9:40
பாஸ்போர்ட்டில் சொந்த ஊர் பார்த்தீர்களா? மடிப்பில் கிழிந்திருக்கிறது. ஊர்ப் பெயரில் கடைசி எழுத்துகள்தான் மிச்சம். கீழே பெரம்பலூர் தாலுகா, திருச்சி ஜில்லா என்று தெளிவாக இருக்கிறது.

திருப்பூர் அண்ணன், 9:44
பெரம்பலூர் தனி மாவட்டம் ஆனதே 1995-இல்தான். அதற்கு முன் திருச்சி. கிராம அலுவலகத்தில் 'அ' பதிவேடு என்கிற நிலப் பதிவேடு, பழைய பட்டா எல்லாம் பார்த்தால் பூட்டன் பெயர் கிடைக்காதா?

குன்னூர் அத்தை, 9:52
நிலம் இருந்திருந்தால் ஏனப்பா கடல் தாண்டிப் போகப்போகிறார்? பதிவேட்டில் நிலம் உள்ளவன் பெயர்தான் இருக்கும். நம் ஆட்கள் கடனோடு, தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் கங்காணி பின்னால் போனவர்கள். அதை விடு, பாட்டியிடம் கேட்கிறேன். குலதெய்வம் தெரிந்தால் ஊர் தெரியும்.

குன்னூர் அத்தை, 11:20
பாட்டி குரல் பதிவு அனுப்ப வராது என்கிறார், நானே எழுதுகிறேன். "சாமி பெயரை என் மாமியார் வாயால் சொல்லிக் கேட்டதில்லை, அம்மா என்றுதான் சொல்வார். திங்களும் வெள்ளியும் விடியுமுன் அரிசி ஊறப்போட்டுவிட்டுத் தேயிலைக் கொழுந்து பறிக்கப் போவார். வந்ததும் லயத்து (தோட்டத்து வரிசை வீடுகள்) உரலில் இடித்து மாவிளக்கு போட்டு வடக்கே பார்த்துக் கும்பிடுவார். மற்ற நாளில் ஏன் கூடாது என்று கேட்டேன். அன்றைக்குத்தான் அம்மா கதவு திறப்பாள் என்றார்."

சேரம்பாடி சித்தி, 11:26
அக்கா!! சிறுவாச்சூர்!!

சேரம்பாடி சித்தி, 11:33
மதுரகாளியம்மன். விசேஷ நாட்களை விட்டால், வாரத்தில் திங்கள், வெள்ளி இரண்டு நாள்தான் நடை திறக்கும். பெரம்பலூருக்குத் தெற்கே, திருச்சி போகும் சாலையிலேயே இருக்கிறது. மகன் அங்கே படித்தபோது போயிருக்கிறேன். அரிசியைக் கோயிலிலேயே ஊறவைத்து, உரலில் இடித்துத்தான் மாவிளக்கு போடுகிறார்கள். இன்னொன்று கேளுங்கள். முன்பு அங்கே இருந்தவள் செல்லியம்மன். மதுரகாளிக்கு இடம் கொடுத்துவிட்டுப் பக்கத்து மலைக்குப் போய்விட்டாள் என்பது கதை. அந்த மலைக்குப் பெயர் பெரியசாமி மலை.

குன்னூர் அத்தை, 11:35
செல்லி. பெரியசாமி.

கோத்தகிரி பெரியப்பா, 12:10
கொஞ்ச நேரம் எழுத முடியவில்லை. தாத்தன் பெயரைப் பேரனுக்கு வைப்பது வழக்கம், அதனால்தான் எனக்கு இந்தப் பெயர் என்று நினைத்திருந்தேன். அந்தத் தாத்தனுக்கு அது ஒரு மலையிலிருந்து வந்திருக்கிறது. பள்ளிக்கூடத்தில் சிலோன்காரன் என்று கூப்பிட்டார்கள். எந்த ஊர் என்று கேட்டால் சொல்ல எனக்கு ஓர் ஊர் இருந்ததில்லை.

திருப்பூர் அண்ணன், 12:18
அப்பா, ஒன்று சொல்கிறேன், வருத்தப்படாதீர்கள். சிறுவாச்சூர் அம்மன் சுற்றுவட்டாரத்தில் எத்தனையோ ஊர்க்காரர்களுக்குக் குலதெய்வம். பெரியசாமி என்ற பெயரும் எங்கும் உண்டு. தாலுகா பொருந்துகிறது, சரி. ஊர் இன்னும் கிடைக்கவில்லை.

கோத்தகிரி பெரியப்பா, 12:24
நீ சொல்வது சரிதான். கங்காணி தன் ஊர், சுற்று ஊர்க்காரர்களைத்தான் கூட்டிப்போவான். பதுளையில் நம் லயத்தில் ஒரே கங்காணியின் ஆட்களாக இருந்த குடும்பம் ஒன்று இப்போது பந்தலூரில் இருக்கிறது. அங்கே ஒரு பெரியவர் இருக்கிறார். நாளைக்கு நேரில் போகிறேன்.

திங்கள்

கோத்தகிரி பெரியப்பா, மாலை 4:05
பந்தலூரிலிருந்து எழுதுகிறேன். அவர் அப்பா சொல்லுவாராம், ஏரிக்கரை வழியாகக் கோயிலுக்கு நடந்தே போவோம் என்று. ஊர்ப் பெயரையும் சொன்னார். நான் பாஸ்போர்ட் படத்தைக் காட்டுவதற்கு முன்பே சொன்னார். கிழிசலில் மிச்சமிருக்கும் எழுத்துகள் அப்படியே பொருந்துகின்றன. இங்கே போட மாட்டேன், முதலில் பாட்டி காதில் சொல்ல வேண்டும்.

கவிதா, 4:09
பெரியப்பா 🙏🙏 கட்டத்தில் அப்பா பெயரையே போட்டுவிட்டேன். மற்ற சான்றிதழ்களோடு அதுதான் ஒத்துப்போகும்.

குன்னூர் அத்தை, இரவு 8:47
அண்ணன் வந்து சொல்லிவிட்டார். பாட்டி இரண்டு தடவை அந்தப் பெயரைத் திருப்பிச் சொல்லிப் பார்த்தார். இப்போது பச்சரிசி மூட்டை கட்டிக்கொண்டிருக்கிறார். அங்கேயே வாங்கலாம் என்றால் கேட்கவில்லை. தன் கையாலேயே இடிப்பாராம்.

கோத்தகிரி பெரியப்பா, 9:02
வேன் சொல்லிவிட்டேன். வியாழன் இரவு கோத்தகிரியில் கிளம்பி, குன்னூரில் பாட்டியை ஏற்றிக்கொண்டு மேட்டுப்பாளையம் வழியாக இறங்குகிறோம். வெள்ளி காலை நடை திறக்கும்போது அங்கே இருக்க வேண்டும். கோவையில் கவிதாவை ஏற்றிக்கொள்கிறோம். திருப்பூர்க்காரன் அவிநாசியில் வந்து நிற்கட்டும்.