கல்லூரியை நேரில் போய்ப் பார்த்தால்தான் அட்மிஷன் கிடைக்குமா?

ஆதிரையின் அம்மா:
மகள் இந்த வருடம் அமெரிக்கக் கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கிறாள். பட்டியலில் ஒன்பது இருக்கின்றன. நேரில் போகாவிட்டால் கழித்துவிடுவார்கள் என்று தெரிந்தவர் ஒருவர் சொன்னதிலிருந்து அவளுக்குத் தூக்கமே இல்லை. விமானம், தங்கும் அறை எல்லாம் கூட்டிப் பார்த்தால் எங்களால் இரண்டுக்கு மேல் முடியாது. உண்மையில் அப்படியா?

பழைய மாணவன்:
எல்லா இடத்திலும் இல்லை அக்கா. எம்ஐடி, ஸ்டான்ஃபோர்டு, ஹார்வர்டு, கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் இதையெல்லாம் பார்ப்பதே இல்லை. பெரும்பாலான கல்லூரிகள் வருடா வருடம் தங்கள் சேர்க்கை விவரங்களை ‘காமன் டேட்டா செட்’ என்ற பொதுப் படிவத்தில் வெளியிடுகின்றன, அதில் சி7 என்ற அட்டவணையில் விண்ணப்பதாரரின் ஆர்வத்துக்கு எவ்வளவு மதிப்பு என்று ஒரு வரி இருக்கும். அங்கே ‘கருதப்படாது’ என்று இருந்தால் அந்தப் பயணச் செலவை மிச்சம் பிடியுங்கள்.

மலர்விழி:
சில தனியார் கல்லூரிகள் பார்க்கத்தான் செய்கின்றன. இடம் கொடுத்தவர்களில் எத்தனை பேர் வந்து சேருவார்கள் என்பதுதான் அவர்கள் கவலை. நல்ல மதிப்பெண் வைத்திருக்கும் பிள்ளை ஒரு தகவல் கூட்டத்துக்குக்கூட வராமல் விண்ணப்பித்தால், இது வேறெங்கோ போய்விடும் என்று நினைத்துக் காத்திருப்புப் பட்டியலில் தள்ளிவிடலாம். ஆனால் ஆர்வம் காட்ட விமானம் ஏற வேண்டாம். இணையவழிக் கூட்டத்தில் கலந்துகொள்வதும், பள்ளிக்கு வரும் கல்லூரிப் பிரதிநிதியைச் சந்திப்பதும் கணக்கில் சேரும். ஒன்றை மறக்காதீர்கள், நேரில் போனால் பெயரைப் பதிவு செய்யுங்கள். நாங்கள் என் மகனோடு ஒரு கல்லூரியை நாள் முழுக்கச் சுற்றிவிட்டுப் பதிவு செய்யாமலே வந்துவிட்டோம், போனதற்கு எந்தத் தடயமும் இல்லை.

கார்த்தி:
வசதி குறைந்த மாணவர்களைத் தங்கள் செலவிலேயே வரவழைக்கும் கல்லூரிகளும் உண்டு, அதற்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். அப்புறம், ஒரே ஒரு கல்லூரிக்கு முன்கூட்டியே விண்ணப்பிக்கும் ‘எர்லி டிசிஷன்’ போட்டால் ஆர்வம் இன்னும் பலமாகத் தெரியும் என்பார்கள், உண்மைதான். ஆனால் கிடைத்தால் சேர்ந்தே ஆக வேண்டும், மற்ற கல்லூரிகள் தரும் நிதியுதவியோடு ஒப்பிட முடியாது. பணம் முக்கியம் என்றால் அவசரப்படாதீர்கள். என்னைக் கேட்டால் இடம் கிடைத்த பிறகு போவதுதான் நல்லது, முடிவு சொல்லப் பெரும்பாலும் மே 1 வரை நேரம் இருக்கும்.

ஆதிரையின் அம்மா:
சி7 பார்த்தோம். ஒன்பதில் ஐந்து ‘கருதப்படாது’. மீதி நான்கில் ஒன்று காரிலேயே போகும் தூரம், அதற்கு மட்டும் பெயர் கொடுத்துவிட்டோம். மற்ற மூன்றுக்கும் இணையவழிக் கூட்டம். மூவருக்கும் ரொம்ப நன்றி.