சடங்கில் கலந்துகொண்ட ஆய்வாளரின் அனுபவத்தை எங்கே வைப்பது?

நண்பர்களுக்கு வணக்கம். முதுகலை ஆய்வேட்டுக்காக டான்யா லூர்மன் என்ற மானிடவியலாளரைப் படித்து வருகிறேன். 1980களில் லண்டனில் விக்கா என்னும் நவீன சூனியச் சமயக் குழுக்களோடும் மந்திரச் சடங்குக் குழுக்களோடும் பழகி, அவர்களுடைய பயிற்சிகளைத் தானும் செய்து பார்த்தவர். நூல் 1989இல் வந்தது. அவர் சந்தித்தவர்கள் படித்த நடுத்தர வர்க்கத்தினர். கணினித் துறையினர்கூட உண்டு. சடங்கைச் செய்யச் செய்ய, நடப்பவற்றை விளக்கும் விதமே மெல்ல மெல்ல மாறிவிடுகிறது என்கிறார். எனக்கு இது சரியாகவே படுகிறது.

சிக்கல் வேறிடத்தில். ஒருநாள் அதிகாலையில் விழித்தபோது ஜன்னலோரம் ஆறு துருயிதுகள், அதாவது பண்டைய கெல்டியப் பூசாரிகள், நின்று தன்னை அழைத்ததாக அவரே எழுதியிருக்கிறார். துள்ளி எழுந்ததும் மறைந்துவிட்டார்களாம். ஆனாலும் அவர் சூனியக்காரியாக மாறிவிடவில்லை. சபீனா மாலியோக்கோ என்ற இன்னொரு மானிடவியலாளரோ, சான் பிரான்சிஸ்கோ வட்டாரப் பேகன்களை, அதாவது பழைய பலதெய்வ வழிபாட்டை இன்று மீட்டெடுத்துப் பின்பற்றுவோரை, ஆராயப் போய், தீட்சையே பெற்றுக்கொண்டார். 2004இல் வந்த அவர் நூலில் தன் அனுபவத்தையும் சான்றாக வைக்கிறார்.

இந்த இருவரையும் ஒரே இயலில் ஒப்பிடலாமா? ஆய்வாளர் கண்ட காட்சியைத் தரவு என்று கொள்வதா, முன்னுரையோடு நிறுத்திவிடுவதா? நெறியாளர் இரண்டாவதைத்தான் சொல்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை. களப்பணியில் சாமியாட்டம், குறி கேட்டல் போன்றவற்றில் தாங்களே பங்கேற்றவர்கள் அதை ஆய்வேட்டில் எப்படி எழுதினீர்கள்? மாலியோக்கோவின் நூல் சென்னையில் எந்த நூலகத்திலாவது இருந்தால் அதையும் தெரிவியுங்கள்.