மலேசியா, சுங்கை சிப்புட்டிலிருந்து கேமரன் மலைக்கு வேன், சனிக்கிழமை (குடும்பக் குழு)

*வெள்ளி இரவு*

நான்: நாளை காலை 5.30க்கு மகாத்மா காந்தி கலாசாலை வாசலில் வேன் நிற்கும். 11 பேர், தலைக்கு 65 வெள்ளி (ரிங்கிட்). வழிகாட்டித் தம்பி சிம்பாங் பூலாயில் ஏறிக்கொள்வார், தமிழ்ப் பையன்தான். வேன் ஓட்டும் அண்ணனையும் இந்தக் குழுவில் சேர்த்திருக்கிறேன், பார்த்துப் பேசுங்கள். மூன்று பேர் இன்னும் பணம் தரவில்லை. பெயர் சொல்ல மாட்டேன்.

சின்ன மாமா: என்னைத்தானே குத்துகிறாய்?

நான்: மூன்று பேரில் நீங்கள் இரண்டு பேர் மாமா. அத்தைக்கும் சேர்த்து.

சரசு சித்தி: குளிருமா அங்கே? பிள்ளைக்கு ஸ்வெட்டர் வேண்டுமா?

செல்வம் அண்ணன்: மலை மேலே இருக்கும் தானா ராத்தா ஊர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,440 மீட்டர் உயரம் சித்தி. பகலிலேயே 20 டிகிரி சொச்சம்தான் இருக்கும். எடுத்து வாருங்கள். வாந்தி வந்தால் பிளாஸ்டிக் பையும் அசாம் (புளி) மிட்டாயும் மறக்க வேண்டாம்.

பெரியத்தை: (தினேஷ் எழுதுகிறேன், பாட்டி சொல்கிறார்) முழங்கால் விட்டுப்போச்சு, நான் வரவில்லை. புளிச்சோறு கிளறித் தருகிறேன். பெரிய தூக்குச்சட்டியில் வரும். மூடியோடு திரும்பி வர வேண்டும். எந்த வழியாகப் போகிறீர்கள்?

நான்: ஏறும்போது சிம்பாங் பூலாய், இறங்கும்போது தாப்பா.

பெரியத்தை: தாப்பா வழிதான் வழி. எங்கள் காலத்தில் அது ஒன்றுதான் இருந்தது. கல்யாணம் முடிந்து லோரியில் அதில்தான் இறங்கி வந்தேன். ரிங்லெட் தாண்டியதிலிருந்து தாப்பா வருவதற்குள் மூன்று தடவை வாந்தி. மாப்பிள்ளை வீட்டார் என்ன நினைத்தார்களோ.

சின்ன மாமா: அண்ணி, மாப்பிள்ளை அப்போதே லோரியைத் திருப்பியிருக்கலாம்.

பெரியத்தை: உனக்குப் புளிச்சோறு கிடையாது.

*சனி காலை*

நான்: கம்போங் ராஜா வந்துவிட்டோம். சித்தி பெண் இரண்டு தடவை, செல்வம் அண்ணன் ஒரு தடவை. அசாம் மிட்டாய் கொண்டுவரச் சொன்னவரே அவர்தான்.

செல்வம் அண்ணன்: காலையில் தே தாரிக் குடித்திருக்கக் கூடாது.

சரசு சித்தி: மலை முழுக்கப் பிளாஸ்டிக் கூரை. அடியில் கீரை, தக்காளி, பூச்செடி என்று என்னென்னவோ. பச்சை மலை பார்க்க வந்தால் வெள்ளை மலையாக இருக்கிறது.

சின்ன மாமா: வழிகாட்டித் தம்பி நல்லாப் பேசுகிறார். எந்த ஊர் என்று கேட்டார். சுங்கை சிப்புட் என்றதும், "ஓ, அவசரகாலம் தொடங்கிய ஊர்" என்றார். 1948 ஜூன் 16, இரண்டு தோட்டத்தில் மூன்று வெள்ளைக்காரத் துரைகளைக் கம்யூனிஸ்டுகள் சுட்டார்கள், வெள்ளைக்கார அரசு அவசரகாலச் சட்டம் போட்டது அதிலிருந்துதானாம். வெளியூரில் நமக்கு இருக்கும் பேர் இதுதான் போல.

பெரியத்தை: மந்திரியாக இருந்த துன் சம்பந்தன் ஊர் என்று சொல்ல வாய் வரவில்லையா உனக்கு?

சின்ன மாமா: சொன்னேன் அண்ணி. அவருக்கு அதுவும் தெரிந்திருக்கிறது.

நான்: இப்போது மலையின் கதை ஓடுகிறது. வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் 1885இல் இந்த மேட்டு நிலத்தைக் குறித்து வைத்தார், அவர் பெயர்தான் மலைக்கு. அப்புறம் நாற்பது வருஷம் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1925இல் ஜார்ஜ் மேக்ஸ்வெல் வந்து பார்த்து, வெள்ளைக்காரர்கள் ஓய்வெடுக்க ஏற்ற இடம் என்று சொன்ன பிறகுதான் தாப்பாவிலிருந்து ரோடு போட்டார்கள். 1931இல் தானா ராத்தாவரை வந்துவிட்டது.

பெரியத்தை: ரோடு போட்டது யாராம்?

நான்: அதை அவர் சொல்லவில்லை அத்தை.

பெரியத்தை: கேள்.

நான்: கேட்டேன். "கூலியாட்கள்தான் அக்கா, தமிழர், சீனர்" என்றார். பெயர் எதுவும் இல்லை.

செல்வம் அண்ணன்: தேயிலைத் தோட்டம் வந்துவிட்டது, சுங்கை பாலாஸ் பக்கம். 1929இல் ரஸ்ஸல் என்பவர் ஆரம்பித்த போ தேயிலை.

சின்ன மாமா: போ தேயிலை பார்த்தாச்சு. வா தேயிலை எங்கே?

சரசு சித்தி: இந்த நகைச்சுவையை வேனிலேயே நான்கு தடவை கேட்டுவிட்டோம்.

பெரியத்தை: கொழுந்து கையால்தான் பறிக்கிறார்களா?

நான்: இல்லை அத்தை. ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு இரண்டு பேர் மெஷினால் வாரிக்கொண்டு போகிறார்கள். பின்னாலேயே பெரிய பை காற்றடித்த மாதிரி உப்பிக்கொண்டு போகிறது. ஆட்கள் வங்காளதேசம் என்றார் வழிகாட்டி.

பெரியத்தை: அதானே பார்த்தேன். மெஷின் கொழுந்தையும் முற்றிய இலையையும் பிரித்துப் பார்க்குமா? இரண்டு இலை, ஒரு மொட்டு, அவ்வளவுதான் கிள்ள வேண்டும். இப்போது தேத்தண்ணி ஏன் கசக்கிறது என்று தெரிந்துவிட்டது.

சரசு சித்தி: நீங்கள் எத்தனை வயதில் போனீர்கள் அண்ணி?

பெரியத்தை: பத்து வயதில் அம்மா பின்னால் போனேன். கொழுந்துக் கறை நகக்கண்ணில் ஏறிக் கறுப்பாகிவிடும். எலுமிச்சம்பழம் தேய்த்தாலும் போகாது. கல்யாணத்துக்கு அதை மறைக்கத்தான் விரல் முழுக்க மருதாணி அப்பினார்கள். உங்கள் அண்ணன் ரொம்ப அழகு என்று நினைத்துக்கொண்டார். இன்னொன்று, மழை நாளில் தராசில் கூடையை வைத்தால் இலை ஈரம் என்று இத்தனை ராத்தல் கழித்துவிடுவார்கள். வெயில் நாளில் இலை காய்ந்துபோச்சு என்று யாரும் கூட்டித் தந்ததில்லை.

தினேஷ்: இதை எழுதச் சொல்லிவிட்டுப் பாட்டி ஒருத்தரைத் திட்டினார். அதை எழுதவில்லை.

*சனி மதியம்*

நான்: கியா ஃபார்ம் சந்தைப் பக்கம் ஒன்றரை மணி நேரம் வேன் நகரவில்லை. பள்ளி விடுமுறை, தெரிந்தே வந்தோம், தப்பு நம்முடையதுதான். மலை உச்சியில் இருக்கும் பாசிக்காடு (மோஸி ஃபாரஸ்ட்) ரத்து. அதற்கு வாங்கிய 10 வெள்ளியைத் திருப்பித் தருவதாக வழிகாட்டி சொல்லியிருக்கிறார்.

செல்வம் அண்ணன்: நான் பார்க்க நினைத்தது அது ஒன்றுதான். பரவாயில்லை என்று சொல்ல மாட்டேன்.

சரசு சித்தி: அந்த ஒன்றரை மணி நேரத்தில் சின்ன மாமா ஸ்ட்ராபெரி ஐந்து டப்பா வாங்கிவிட்டார். மேலே சிவப்பு, கீழே பச்சை.

நான்: பிரிஞ்சாங் தெண்டாயுதபாணி கோயிலில் கும்பிட்டுவிட்டு, வெளியே நின்றபடி புளிச்சோறு சாப்பிட்டோம். வழிகாட்டியும் சாப்பிட்டார், இரண்டாம் தடவையும் கேட்டார். சட்டி காலி.

சின்ன மாமா: எனக்கும் கொடுத்தார்கள் அண்ணி, மன்னிக்கவும்.

நான்: ஜிம் தாம்சன் கதை மட்டும் இருபது நிமிஷம். தாய்லாந்துப் பட்டு வியாபாரி, அமெரிக்கர். 1967 மார்ச் 26, ஈஸ்டர் ஞாயிறு. மூன்லைட் பங்களாவிலிருந்து நடக்கப் போனவர் திரும்பவே இல்லை, இன்றுவரை ஒரு தடயமும் கிடையாது. பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்டார்கள். அத்தை, உங்களுக்கு ஏதாவது தெரியுமா?

பெரியத்தை: எனக்கு என்ன தெரியும். அப்போது நான் சுங்கை சிப்புட்டில் ரப்பர் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தேன், இடுப்பில் உன் அத்தான். ஒரு வெள்ளைக்காரர் காணாமல் போனதற்கு இத்தனை வருஷமாகத் தேடுகிறார்களா?

செல்வம் அண்ணன்: தானா ராத்தா தாண்டி இறங்குகிறோம். ரிங்லெட் போகும் வழியில் பாரத் தேயிலை. 1933இல் இந்தியக் குடும்பம் தொடங்கியது என்றார். அத்தை, உங்கள் தோட்டம் இந்தப் பக்கமா?

பெரியத்தை: இன்னும் உள்ளே. வேன் போகாது. ஒரு பாக்கெட் வாங்கி வாருங்கள், தூள் சின்னதாக இருக்கட்டும். தாப்பா ரோட்டில் லாத்தா இஸ்கண்டார் அருவிக்கு முன்னால் யாரும் எதையும் சாப்பிடாதீர்கள்.

*சனி இரவு*

நான்: எல்லாரும் வீடு சேர்ந்தாச்சு. கணக்கு: தலைக்கு 10 வெள்ளி திரும்ப வருகிறது. சின்ன மாமாவுக்கு 20, ஆனால் அவர் இன்னும் 65 தர வேண்டும்.

சின்ன மாமா: அத்தை பங்கு மட்டும்தானே பாக்கி. ஸ்ட்ராபெரியாகத் தரட்டுமா?

பெரியத்தை: தேத்தண்ணி போட்டுப் பார்த்தேன், பரவாயில்லை. சட்டி வந்தது. மூடி எங்கே?

சரசு சித்தி: கோயிலில் கழுவி வைத்தேனே.

சின்ன மாமா: மூடியும் நடக்கப் போயிருக்கும்.

பெரியத்தை: தம்பி, விளையாடாதே. அது என் அம்மா தந்த சட்டி.

வேன் அண்ணன்: வணக்கம். பின் சீட்டுக்கு அடியில் ஒரு எவர்சில்வர் மூடி இருக்கிறது. யாருடையது?

பெரியத்தை: என்னுடையது தம்பி. நசுங்கியிருக்கிறதா?